மழையக்காவின் பெஞ்சு

இடது கை துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கை இஸ்திரிப் பெட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறது. தையலின் மேல் விரல் அகலத்தில் ஒரு பிசின் பட்டை, பட்டையின் மேல் நைந்த பருத்தித் துணி, அதன் மேல்தான் பெட்டி. சூடு கூடினால் மழைக்கோட்டு முகம் சுளித்ததுபோல் சுருங்கிவிடும். குறைந்தால் பட்டை ஒட்டியதுபோல் நடித்து, முதல் மழையிலேயே கழன்றுகொள்ளும். சரியான சூட்டை அறிய அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. குனிந்து முகர்கிறார். பிசின் வாசனை மாறும் கணத்தில் பெட்டி அடுத்த அங்குலத்துக்குப் போய்விடுகிறது.

“மழை வருமா?” என்று தலையைத் தூக்காமலே கேட்கிறார். வாயில் இரண்டு குண்டூசிகள் இருப்பதால் பேச்சு உதட்டின் ஓரத்திலிருந்து வருகிறது. வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி இதுதான். “இப்போதைக்கு இல்ல” என்று சொன்னால் நம்புவதில்லை. “கொஞ்சம் மூடியிருக்கு” என்றால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தானே எழுந்து வந்து வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். அலமாரியின் மேல் ஒரு சின்ன ரேடியோ எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைப்பார். வானிலை அறிக்கை வந்தால் கூட்டுவார்.

தெருவில் அவரை எல்லோரும் மழையக்கா என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம். நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையின் மேல் தேடும் வழக்கம். ரப்பர் பசை காய்ந்து காய்ந்து விரல் நுனிகள் பளபளவென்று இருக்கின்றன. பல வருடங்கள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். சிமெண்டு, சர்க்கரை, காகிதம் என்று நனையக் கூடாத எல்லாவற்றையும் மூடிப் பழகிய கை அது. பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மழைக்கோட்டு விற்க ஆரம்பித்தார். விற்கிறார் என்று மட்டும் சொன்னால் கோபித்துக்கொள்வார். “கம்பெனியிலேர்ந்து வர்றது பாதிக் கோட்டு. மீதிப் பாதி என் கையில இருக்கு” என்பார். வாங்கிய கோட்டைப் பிரித்துப் பார்த்து, தையல்களுக்குப் பட்டை ஒட்டி, ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துத்தான் வெளியே அனுப்புவார்.

கடை என்பது மெக்கானிக் பட்டறையை ஒட்டிய ஒடுக்கமான அறை. உள்ளே போனதும் காலில் இடிப்பது அந்தப் பெஞ்சு. பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சீட்டை ஒரு மரப் பெஞ்சின் மேல் முடுக்கியிருக்கிறார். முன்னால் இரும்புக் குழாயில் ஒரு ஹேண்டில்பார். கீழே இரண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பிகள். சக்கரம் கிடையாது, எஞ்சின் கிடையாது. ஹாரன் மட்டும் உண்டு, அது பக்கத்து மெக்கானிக்கின் குறும்பு. பெஞ்சுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், ஒரு குவளை. தண்ணீர் ஓடி வடிய அந்த இடத்தில் மட்டும் தரையைச் சாய்த்துப் பூசியிருக்கிறார்கள்.

“நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாக் கோட்டும் நல்ல கோட்டுதான். உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தால் தெரியும். நிற்கும்போது கச்சிதமாக இருந்த கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறிக்கொள்ளும். கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்ததும் சட்டைக் கை மணிக்கட்டை விட்டுப் பின்வாங்கும். மார்பில் அடிக்கிற மழை வழிந்து வந்து மடியில் குளம் கட்டும். கால்சட்டையின் தையல்கள் எல்லாம் வந்து சேரும் கவட்டை சரியாக அந்தக் குளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. “பள்ளத்தைப் பாத்து ஓட்டை வைக்கிறானுங்க, பாருங்க” என்று அக்கா அங்கே விரலை வைத்துக் காட்டும்போது, முதல் தடவை வந்த ஆண்கள் நெளிவார்கள். அவருக்கு அது தையல், அவ்வளவுதான்.

என்ன அளவு என்று அவர் கேட்பதில்லை. “எங்க நனையுது?” என்றுதான் கேட்பார், எங்கே வலிக்கிறது என்று வைத்தியர் கேட்பதுபோல. கழுத்து என்று சொன்னால் ஹெல்மெட்டை வாங்கிப் பார்ப்பார். கை என்று சொன்னால், “கையுறையை எங்க விடுறீங்க, சட்டைக் கைக்கு உள்ளயா மேலயா?” மேலே என்று பதில் வந்தால் தலையில் அடித்துக்கொள்வார். தோளிலிருந்து வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் போய்த் தேங்கும். கோட்டில் தொப்பி இருந்தால் அதைக் கேட்காமலே வெட்டிவிடுவார். தொப்பி போட்டவன் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது தொப்பியின் உள்பக்கம்தான் என்பது அவர் கட்சி. வெட்டிய தொப்பிகள் ஒரு சாக்கு நிறைய மூலையில் கிடக்கின்றன, தலைகள் எல்லாம் எங்கோ போய்விட்டதுபோல.

ஒரு நாள் கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர் வந்தார். கடையில் இருந்ததிலேயே கறுப்புக் கோட்டாகப் பார்த்து எடுத்தார்.

“கறுப்புதான்க்கா கெத்து.”

“கெத்துதான். ஆனா மழையில லாரிக்காரனுக்கு நீ இருக்கறதே தெரியாதே. யாருகிட்டப் போய்க் கெத்து காட்டுவ?”

“மஞ்சளைப் போட்டா ரோடு போடற ஆளு மாதிரி இருக்கேன்னு சொல்வாங்கக்கா.”

“சொல்லட்டும். கண்ணுல பட்டதாலதான சொல்றான்?”

மஞ்சளைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா மின்விசிறியை முழு வேகத்தில் திருப்பிவிட்டு, அதன் முன்னால் நின்று குவளைத் தண்ணீரை வீசினார். காற்று அதைச் சாரலாக்கி அவர் மேல் அறைந்தது. படக்காரர் “ஐயோ” என்று கத்த, பட்டறையிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, அழுக்குப் போகுதா? சோப்பு வேணுமா?”

தண்ணீர் வீசுவதற்கு முன்பு அக்கா ஒரு வேலை செய்வார். பழைய செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, கோட்டின் உள்ளே மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, சீட்டில் ஒன்று, காலுறைக்குள் காலுக்கு ஒன்று என்று செருகுவார். ஆள் இறங்கியதும் ஒவ்வொன்றாக உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நனைந்த தாள் கருத்துப்போய்ப் பின்பக்கத்து எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சொட்டு தெரிந்தாலும் கோட்டு இஸ்திரி மேசைக்குத் திரும்பும். “சொட்டுதானேக்கா” என்று யாராவது சொன்னால் பார்க்கிற பார்வையில் அந்த ஆள் மறுபடி வாயைத் திறக்கமாட்டார்.

இவ்வளவும் செய்கிறவர் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. “எனக்குப் பெஞ்சே போதும். இது எங்கயும் போகாது” என்று சிரித்துக்கொண்டு சொல்வாராம் முன்பெல்லாம். இப்போது அதைச் சொல்வதில்லை.

மின்விசிறி போன வருடம்தான் வந்தது. அதற்கு முன்னால் வாளியும் குவளையும் மட்டும்தான். அந்த நாளில் கடையில் இன்னொரு வகைக் கோட்டும் தொங்கும். நீல நிறத்தில், தலைவழியாகப் போட்டுக்கொண்டால் போர்வை மாதிரி முன்னும் பின்னும் விரியும். போர்வைக் கோட்டு என்பார்கள். மாட்டச் சுலபம், கழற்றச் சுலபம், பெஞ்சில் உட்கார வைத்து ஊற்றினால் ஒரு சொட்டு உள்ளே போகாது. அக்கா அதையே தன் தம்பிக்கும் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தம்பிக்கு வேலை. மழை நாளில்தான் காய்ச்சல்காரர்கள் அதிகம், மழை நாளில்தான் ஓட்டம் அதிகம்.

பெஞ்சுக்குப் பின்சக்கரம் கிடையாது. அப்போது காற்றும் கிடையாது. ஒரு மழை நாளில் தம்பி வளைவில் திரும்பும்போது காற்று போர்வையின் பின்பக்கத்தைத் தூக்கிச் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்துவிட்டது. சக்கரம் துணியைச் சுருட்டி இழுக்க, துணி ஆளை இழுத்தது. வலது முழங்கால் போனது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அக்கா கடையில் மீதமிருந்த போர்வைக் கோட்டுகளை எல்லாம் கத்தரித்து, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறையாகத் தைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். தெருவில் இப்போதும் சில வண்டிகளில் அந்த நீலம் இருக்கிறது. அந்த வண்டிகள் வாசலில் நின்றால் அக்கா ஆளைப் பார்த்துப் பேசுவார், வண்டியைப் பார்க்கமாட்டார்.

தம்பி வாய்க்காரர். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கால் முழுசாக மடங்குவதில்லை. அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். படியேறும்போது “இருங்க, பெரியவர் யோசிக்கிறார்” என்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் காலை நீட்டி வைத்துக்கொண்டு, “பெரியவருக்கு இடம் விடுங்கப்பா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தம்பிக்கான கோட்டு கோடை முழுக்க ஆணியில் தொங்கியது. ஆரஞ்சு நிறம், முதுகிலும் கைகளிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள். யார் கோட்டையும் இரண்டாம் நாள் தாண்டவிடாதவர், இதை மட்டும் முடிக்கவில்லை. குனிந்து கால்சட்டை மாட்ட முடியாத ஆள் என்பதால் இடுப்பிலிருந்து பாதம்வரை பக்கவாட்டில் முழு ஜிப் வைத்தார். நின்றபடியே சுற்றிக்கொண்டு இழுத்துவிடலாம். ஜிப்பின் பல்லில் தண்ணீர் புகும் என்று அதை மூட ஒரு மடிப்பு வைத்தார். மடிப்பின் வாய் முன்பக்கம் பார்த்திருந்தால் காற்று அதைத் திறந்துவிடும் என்று பிரித்து, பின்பக்கம் பார்க்கத் திருப்பித் தைத்தார். அதுவரை எல்லாம் சரியான காரணங்கள். அதற்குப் பிறகு, நன்றாக இருந்த தையலையும் பிரித்தார். நூலின் நிறம் சரியில்லை என்றார். பட்டை ஒரு மயிரிழை கோணியிருக்கிறது என்றார்.

“கோட்டு எப்பவோ முடிஞ்சு போச்சுக்கா. நீங்கதான் முடிக்கமாட்டேங்கிறீங்க” என்றார் மெக்கானிக் ஒரு நாள், கையில் ஸ்பேனரோடு வாசலில் சாய்ந்து நின்று.

“உனக்கு என்ன தெரியும்? ஆயில் மாத்தற வேலையைப் பாரு.”

“ஆயில் மாத்தினா வண்டியை வெளிய விட்டுடுவேன்ல?”

ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அக்கா சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

தம்பி மாலை வேளைகளில் மெக்கானிக்கின் வண்டியைக் கேட்டு வாங்கி, தெருவில் மேலும் கீழுமாக ஓட்டிப் பழகினார். வண்டி கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே தையல் மெஷின் வேகமாக ஓடும். அதே தெருவில் இருக்கும் நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். ஊசியின் கீழே துணி எதுவும் இல்லை. வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். வண்டியின் சத்தம் தெருக் கோடிக்குப் போய்த் தேய்ந்து, திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்ற பிறகுதான் அவர் கால் நின்றது.

மழைக்காலம் நெருங்கியதும் பரிசோதனைக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வருவதாக இருந்தால் முதல் மழைக்கு முன்னால் வந்து சேர வேண்டும், சரியான மழைக்கோட்டு இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது, வரவில்லை என்றால் அந்த வழிக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தம்பிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அக்காவும் அதை அறிந்தவர். அன்றைக்கு ஆணியிலிருந்து கோட்டை எடுத்து, பாதத்தையும் சேர்த்து மூட ஆரம்பித்தார். தனியாக ஷூவுக்கு உறை மாட்டத் தம்பியால் குனிய முடியாது, அதனால் கால்சட்டையின் நுனியிலேயே உறையைச் சேர்த்துத் தைத்தார். வழுக்கக் கூடாது என்று அடியில் லாரி ட்யூப் ரப்பரை வெட்டி ஒட்டினார். கால் உள்ளே போய் ஜிப்பை இழுத்தால், தலைக்குக் கீழே தண்ணீருக்கு வழியே இல்லை. தார்ப்பாய் தைத்த கைக்கு அது பெருமையான வேலை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தம்பியின் கால் வண்டியில் எங்கே நீட்டிக்கொண்டு நிற்கும் என்று சரியாக அளக்கப் பெஞ்சில் பிரேக் மிதி ஒன்று வேண்டும் என்று மெக்கானிக்கிடம் கேட்டார். அவர் மிதியைப் பொருத்தினார். ஹாரன் வைத்த அதே கை சும்மா இருக்குமா? ஒரு பழைய பேட்டரியும் பின்விளக்கும் சேர்த்து இணைத்துவிட்டார். மிதித்தால் பெஞ்சின் பின்னால் சிவப்பு விளக்கு எரியும்.

“பெஞ்சு எங்கயும் போகாதுன்னு சொல்வீங்களே. இனிமே தைரியமா நிக்கும்கா.”

மறுநாள் காலையிலேயே வானம் இறங்கி வந்துவிட்டது. தெருவில் வண்டிகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு போயின. காற்று நின்றுபோய், பட்டறையின் பெட்ரோல் வாசனை அறைக்குள் அப்படியே தேங்கியிருந்தது. கிழிந்த சட்டைக் கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக நின்றிருந்தேன். தம்பி வந்தார், பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

“மத்தியானத்துலேர்ந்து வரச் சொல்லிட்டாங்கக்கா. குடு.”

“இன்னும் பாக்கலியே.”

“பாரு. பெரியவரும் ரெடியாத்தான் இருக்கார்.”

உடுத்தினார். நின்றபடியே சுற்றி, ஜிப்பை இழுத்து, ஒட்டுப்பட்டைகளை அமுக்கி, ஒரு தடவைகூடக் குனியாமல் முழுக்க உள்ளே போய்விட்டார். “பாத்தியா, பெரியவர் முணுமுணுக்கக்கூட இல்ல” என்றார். பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். இடது கால் மடங்கிக் கம்பியில் நின்றது. வலது கால் நீண்டு மிதியின் மேல் கிடந்தது. அக்கா காகிதப் பட்டைகளைச் செருகிவிட்டுக் குவளையை எடுத்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பிரேக்கை விடுடா.”

“நான் எங்க பிடிச்சேன்? சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

அக்கா குனிந்து பார்த்தார். ரப்பர் வைத்த பாதம் மிதியைப் பாதி அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. தம்பிக்கு அது தெரியவில்லை.

“காலை எடு. இப்ப அழுத்து.”

“அழுத்திட்டேன்.”

விளக்கு எரியவில்லை. பாதம் மிதிக்குப் பக்கத்தில் வெற்று இரும்பை அழுத்திக்கொண்டிருந்தது. தம்பி காலைத் துழாவி மிதியைப் பிடித்த பிறகுதான் சிவப்பு வந்தது. மறுபடி விட்டார். விளக்கு அணையவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

சத்தமில்லாமல் போனதைக் கவனித்து மெக்கானிக் வந்து நின்றார். விளக்கைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். “மூட்டையைக் கட்டற மாதிரி கட்டியிருக்கீங்கக்கா. மூட்டை பிரேக் பிடிக்குமா?” வழக்கமாகச் சொல்கிற கிண்டல்தான். ஆனால் குரல் கிண்டலாக இல்லை.

“முன் பிரேக் இருக்குல்ல. சமாளிச்சுக்கறேன்” என்றார் தம்பி.

“ஈர ரோட்டுல முன் பிரேக்கை மட்டும் அமுக்கினா வண்டி ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ” என்றார் மெக்கானிக்.

“சமாளிக்கறேன்னு சொல்லாத” என்றார் அக்கா தம்பியிடம். “அந்த வார்த்தையைச் சொல்லாத.”

அடியில் ஒட்டிய ரப்பரைப் பெயர்த்து எடுத்துவிட்டு, வெறும் துணி உறையோடு மறுபடி அழுத்தச் சொன்னார். மிதியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். ஈரத் துணி இரும்பில் வழுக்கி, கால் சர்ரென்று முன்னால் போய்விட்டது. விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. கடைசியில் ஜிப்பைத் திறந்து, பாதத்தை மட்டும் வெளியே எடுத்து, தம்பியின் பழைய ஷூவோடு மிதிக்கச் சொன்னார். தொட்டதும் எரிந்தது. எடுத்ததும் அணைந்தது. மறுபடி தொட்டதும் எரிந்தது. “இப்பத் தெரியுதுக்கா. அடியில மிதி இருக்கறது தெரியுது” என்றார் தம்பி.

அக்கா கத்தரியை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். கோடை முழுக்க அவர் தேடிக்கொண்டிருந்த பழுது இதோ கிடைத்துவிட்டது. உண்மையான பழுது. ‘கோட்டு சரியில்ல, இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிடு’ என்று சொன்னால் அங்கே இருந்த ஒருவரும் மறுத்துப் பேச முடியாது. தம்பியும் பேசமாட்டார். அவர் பெஞ்சில் காலை நீட்டியபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் காற்று எழுந்து ஒரு காகிதத்தை உருட்டிக்கொண்டு போயிற்று. எங்கோ ஒரு தகரக் கூரையில் முதல் சொட்டுகள் விழும் ஓசை கேட்டது.

“கழட்டு” என்றார் திரும்பி வந்து.

“அக்கா...”

“காலை மட்டும் கழட்டுடா. கோட்டை இல்ல.”

வலது கால்சட்டையின் நுனியை மேசையில் விரித்தார். கத்தரியை வைக்கும் இடத்தை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். ஓர் ஓட்டையைக்கூடப் பொறுக்காத கை ஒரு பாதம் அகலத்துக்கு வெட்டியது. உறை முழுசாகத் தனியே வந்து கீழே விழுந்தது. வெட்டிய வாயை உள்பக்கம் மடித்து, கணுக்காலை ஒட்டிப் பிடிக்க ஒரு பட்டை வைத்துத் தைத்தார். மெஷின் நிதானமாக ஓடியது, இந்தத் தடவை ஊசிக்குக் கீழே துணி இருந்தது. பிறகு இஸ்திரிப் பெட்டி. குனிந்து முகர்ந்தார்.

தம்பி மறுபடி ஏறி உட்கார்ந்தார். அக்கா மின்விசிறியைப் போட்டு, குவளை குவளையாக வீசினார். வழக்கத்தைவிட அதிகமாகவே வீசினார். நடுநடுவே “பிரேக்” என்று எதிர்பாராத நேரத்தில் கத்தினார். சிவப்பு விளக்கு கத்தலோடு சேர்ந்தே எரிந்தது. மெக்கானிக் தன் பங்குக்கு ஹாரனை அடிக்கக் கையை நீட்டி, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

காகிதப் பட்டைகளை உருவி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். மார்பில் செருகியது காய்ந்திருந்தது. இடுப்பு காய்ந்திருந்தது. சீட்டுத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், ஒரு புள்ளி இல்லை. இடது காலுறைத் தாள் மொடமொடவென்று வந்தது. வலது காலுறையிலிருந்து வந்தது கூழாகப் பிய்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அதைச் சற்று நேரம் பார்த்தார். இஸ்திரி மேசையின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“வலது கால் நனையும்” என்றார்.

“நனையட்டும்கா. பெரியவரு குளிச்சு நாளாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன தம்பியே தலையைக் குனிந்துகொண்டார். வெளியே மழை பிடித்துவிட்டது. பட்டறை வாசலில் நின்ற வண்டியின் நீலச் சீட்டு உறையில் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

அவர் தைக்கும் ஒவ்வொரு கோட்டிலும் இடது அக்குளுக்குக் கீழே உள்பக்கமாக ஒரு சின்னப் பை இருக்கும். கோட்டிலேயே அதிகம் காய்ந்திருக்கும் இடம் அது. வண்டிச் சாவி, பணம், மாத்திரை என்று ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அக்கா மேல் கோட்டைத் தம்பியிடமிருந்து வாங்கி உதறினார். அலமாரியிலிருந்து எதையோ எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பாக மடித்து, அந்தப் பைக்குள் வைத்தார்.

தம்பி பைக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். காலுறை. சாம்பல் நிறத்தில், புதுசு.

“ஒண்ணுதான் இருக்கு?”

“ஒண்ணுதான நனையும்? ரத்தப் பெட்டியைக் குடுத்ததும் மாத்து.”

காலுறையை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி உறைக்குள் போட்டு, அதே இரண்டு மடிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியிலிருந்து ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, கோட்டைக் கை நுழைக்க வாகாக விரித்து நீட்டினார்.